நிறைமேடையில் இரவுப் பணி

சீனக்குடா மா ஆலையின் நிறைமேடையில்
எனக்கு இரவு வேலை.
வெறும் லொறி ஏறும்; எழுதுவேன்.
நிரம்பிய லொறி திரும்பி ஏறும்; எழுதுவேன்.
இடையில் நாற்பது நிமிடம்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.

அந்த நாற்பதில்தான் வேதாகமம்.
முழுவதும், ஒரு வரி விடாமல் என்று
மூன்று ஜனவரிகளில் தொடங்கினேன்.
மூன்று முறையும் பேழையிலிருந்து இறங்கி,
செங்கடலை நனையாமல் தாண்டி,
லேவியராகமத்தில் கால் புதைந்து நின்றேன்.
கொழுப்பு, குண்டிக்காய், ஈரல்மேல் சவ்வு.
விடியப்புறம் மூன்று மணிக்கு
யாருக்குக் கண் சொருகாது?

நாலாம் வருஷம் நல்ல நோக்கம் ஒன்றுமில்லை.
போன் விழுந்து உடைந்தது.
பார்க்க வேறெதுவும் இல்லை.

ஒரு காலை, வேலை முடிந்து
பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.
திருகோணமலைத் தெருவிலே பிறந்த புள்ளிமான் ஒன்று
சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை
ஆற அமர மென்றுகொண்டிருந்தது.
குனிந்து குளம்பைப் பார்த்தேன்.
பிளந்திருந்தது.
அசையும் போடுகிறது.
சுத்தமான மிருகம் என்று வாய்விட்டே சொன்னேன்.
பக்கத்தில் நின்ற பெண்
கைப்பையை இறுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள்.

பிறகு எண்ணாகமம். பெயர்கள்.
கோத்திரம் கோத்திரமாக, தகப்பன் பெயரோடு.
இதைத் தாண்டினால் கர்த்தர் கோபிக்கமாட்டார் என்று
பக்கத்தைப் புரட்டப் போன விரல்
நின்றுவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு.
முகாம் வாசலில் பலகை, பலகையில் தாள்.
அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பாள்,
நான் அவள் தோளுக்கு மேலால் தேடுவேன்.
தம்பியின் பெயர் வின்ஸ்லோ.
எழுத வராத யாரோ வில்சன் என்று எழுதியிருந்தார்.
அடுத்த கிழமைப் பட்டியலில்
வில்சனும் இல்லை.
அவசரத்தில் ஒருவர்
ஒரு வரியைத் தாண்டியிருக்க வேண்டும்.

விரலைப் பின்னுக்கு எடுத்தேன்.
எலிசூர். செலூமியேல். நகசோன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து
தகப்பன் பெயரும் சொல்லி
ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
வரிசையில் நின்ற லொறி ஹோன் அடித்தது.
அகீரா வரைக்கும் பொறு என்றேன்.

கிண்ணியா றிஸ்வான் கேட்பான்,
"எவ்வளவில நிக்கிறீங்க அண்ணன்?"
நோன்பு மாதத்தில் அவன் முழுக் குர்ஆனையும்
லொறிக்குள் இருந்தே ஓதி முடிப்பவன்.
முப்பது நாள், முப்பது ஜுஸ்உ.
எனக்கு ரோசம்.
"ரெண்டாம் சாமுவேல்" என்றேன்,
முதலாம் சாமுவேல் பாதிகூடத் தாண்டாமல்.
அந்தப் பொய்யைச் சரிக்கட்ட
இரண்டு இரவு, இருபத்தொரு அதிகாரம்.

டெங்குவில் பத்தொன்பது நாள் போயிற்று.
எட்டிப்பிடிக்க ஓடவில்லை.
நிறைத்துண்டு செருகிய இடத்தில்
மாத்தூசு படிந்திருந்தது,
ஊதிவிட்டுத் தொடங்கினேன்.

சில இரவு ஒன்றும் நடக்காது.
எழுத்து எழுத்தாகவே கிடக்கும்.
கண் ஓடும், மனம் கரண்ட் பில்லில் நிற்கும்.
அதையும் வாசித்த கணக்கில்தான் சேர்க்கிறேன்.

தானியேலில் தராசு வந்தது.
நிறுக்கப்பட்டுக் குறைந்துபோன ராஜா.
பேனையை வைத்துவிட்டுச் சிரித்தேன்.
பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து
என் மேடையில் நானே ஏறி நின்றேன்.
லொறிக்கென்று செய்த மேடை,
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அறுபது என்றது, எண்பது என்றது,
மறுபடி அறுபது.

இப்போது ஆபகூக்.
"முடிஞ்ச பிறகு என்ன செய்வீங்க?" என்கிறான் றிஸ்வான்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல்
விளக்கணைக்காமல் நிற்கிறது.
மத்தேயு தொடக்கத்தில் இன்னொரு பெயர்ப் பட்டியல் உண்டு.
பொறுக்காமல் எட்டிப் பார்த்துவிட்டேன்,
நகசோன் அங்கே திரும்ப வருகிறான்.

"வண்டியை ஏத்து" என்கிறேன்,
"முன் சில்லு கோட்டுக்கு வெளியில நிக்குது."